அல்ட்ராசோனிக் திரவச் செயலாக்கம், நெய்யாத் துணி: காப்புரிமைகளைத் தேடி, படித்து, ஒப்பிட முழுமையான வழிகாட்டி

அல்ட்ராசோனிக் அதிர்வால், அதாவது காதுக்குக் கேட்காத அதிவேக அதிர்வால், திரவத்தைக் கலக்கும் கருவியையோ, இழைகளை நெய்யாமல் ஒட்டியோ பிணைத்தோ செய்யும் நான்வோவன் எனப்படும் நெய்யாத் துணியில் புது வகை ஒன்றையோ செய்ய இறங்குகிறவர்கள் ஏற்கெனவே உள்ள காப்புரிமைகளைப் பார்த்தே ஆக வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேடுபொறியில் இரண்டு வார்த்தை போடுவார்கள். வந்தவற்றில் சிலவற்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் படிப்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள். அதோடு ‘நம்முடையது வேறு’ என்றோ, ‘எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்’ என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். இந்த இரண்டு முடிவையும் தலைப்பையும் படத்தையும் வைத்து எடுக்கவே முடியாது.

இரண்டு துறையையும் ஒன்றாக வைத்து எழுதக் காரணம் உண்டு. டயப்பர், துடைப்பான் போன்றவற்றுக்காக நெய்யாத் துணி செய்யும் கிம்பர்லி-கிளார்க் நிறுவனமே அல்ட்ராசோனிக் திரவ அறைகளுக்கும் பல காப்புரிமைகள் பெற்றிருக்கிறது. 1998இல் அது பெற்ற 5,803,106 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை, துளை வழியே பாயும் திரவத்தின் ஓட்டத்தை அல்ட்ராசோனிக் அதிர்வால் கூட்டுவது பற்றியது. உருகிய பாலிமரும் திரவம்தான் என்பதால் அந்த யோசனை நேராக இழை தயாரிப்புக்கும் போகிறது. ஒரு துறையில் மட்டும் தேடினால் மறுபக்கத்தில் இருப்பது கண்ணில் படாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பொருளை ஒரே பக்கத்தில், உறுப்பு உறுப்பாக எழுதுங்கள். ‘திறமையான கலவைக் கருவி’ என்று எழுதினால் பயனில்லை. ‘நீளமான உருளை உறை, கீழே உள்வாய், மேலே வெளிவாய், நடுவில் ஹார்ன் (அதிர்வைத் திரவத்துக்குக் கடத்தும் உலோகத் தண்டு), அதன் மேல் முனையில் பூஸ்டர் (அதிர்வைப் பெருக்குவது), அதற்கு மேல் டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றுவது)’ என்று எழுதுங்கள். துணியானால் இழையின் பொருள், இழையின் தடிமன், அடுக்குகள், அவை ஒட்டப்படும் முறை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதெல்லாம் வேண்டும். காப்புரிமை ஆவணமும் உறுப்பு உறுப்பாகத்தான் எழுதப்பட்டிருக்கும். உங்கள் பக்கமும் அப்படி இருந்தால்தான் பின்னால் வரிக்கு வரி ஒப்பிட முடியும்.

இரண்டாவதாக, எந்தெந்த நாட்டில் தயாரிப்பீர்கள், எங்கே விற்பீர்கள் என்ற பட்டியல். காப்புரிமை அந்தந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

மூன்றாவது, தேடல் குறிப்பேடு. எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், என்ன தேடினீர்கள், எத்தனை ஆவணம் வந்தது, எவற்றை ஒதுக்கினீர்கள், ஏன் என்று எழுதி வையுங்கள். சில நாள் கழித்து அதே ஆவணம் வேறு எண்ணில் திரும்ப வரும்போது இதன் அருமை தெரியும்.

தேட மூன்று இலவசத் தளங்கள் போதும். வகைப்பாட்டு எண் (துறைவாரியாக ஆவணத்துக்குத் தரப்படும் எண்), குடும்பம் (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் உள்ள ஆவணங்கள்), சட்ட நிலை (உரிமை இன்னும் செல்லுமா என்பது) பார்க்க ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட். முழு உரையில் சொல் தேட கூகுள் பேட்டன்ட்ஸ். சர்வதேச விண்ணப்பங்களுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்.

2. எந்தக் கேள்விக்காகத் தேடுகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் தேடினால் முழு உழைப்பும் வீணாகலாம். கேள்விகள் இரண்டு. ‘என் யோசனை புதிதா, நான் காப்புரிமை கேட்கலாமா?’ என்பது ஒன்று. ‘இதை நான் தயாரித்து விற்றால் யாருடைய உரிமையையாவது மீறுவேனா?’ என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு எந்த நாட்டில், எந்த மொழியில், எந்த ஆண்டில் வெளியானதும் கணக்கில் வரும். காலாவதியான காப்புரிமை, கைவிடப்பட்ட விண்ணப்பம், ஆய்விதழ்க் கட்டுரை, விற்பனைக் கையேடு எல்லாமே உங்கள் புதுமையைக் கெடுக்கும். நீங்களே முன்கூட்டி வெளியிட்டதும் பல நாடுகளில் கெடுக்கும். அதனால் விண்ணப்பம் போடும்வரை கண்காட்சியிலோ இணையத்திலோ விவரம் காட்ட வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு, நீங்கள் தயாரிக்கும் அல்லது விற்கும் நாட்டில் இன்று உயிரோடு இருக்கும் காப்புரிமைகள்தான் முக்கியம். விண்ணப்ப நிலையில் இருப்பவற்றையும் கண்காணிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை, இரண்டையும் கலப்பது. புதுமை தேடும்போது ‘இது காலாவதி’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீறல் பார்க்கும்போது ஐம்பது ஆண்டு பழைய ஆவணத்தைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். குறிப்பேட்டின் முதல் வரியிலேயே கேள்வியை எழுதிவிடுங்கள்.

3. வகைப்பாட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள்

சொல்லால் தேடினால் எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அதற்குள் மாட்டிக்கொள்வீர்கள். வகைப்பாட்டு எண்ணைத் தருவது காப்புரிமை அலுவலகம். சொல் என்னவாக இருந்தாலும் ஒரே வேலையைச் செய்பவை ஒரே எண்ணின் கீழ் வரும். அதனால் எண் முதலில், சொல் அப்புறம்.

கீழே உள்ள எண்களைத் தளத்தில் தட்டும்போது எழுத்துகளை ஆங்கிலத்தில் இடுங்கள். ‘பி’ என்று வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, ‘டி’ என்று வரும் இடமெல்லாம் நான்காம் எழுத்து.

திரவப் பக்கம்: அதிர்வைக் கொண்டு நடத்தும் வேதிச் செயல்முறைகளுக்கு பி01ஜே 19/10. அல்ட்ராசோனிக் கலவைக்கு பி01எஃப் 31/80. நீர் சுத்திகரிப்புக்கு சி02எஃப் 1/36. திரவத்தில் வைத்துக் கழுவ பி08பி 3/12. அதிர்வை உண்டாக்கும் டிரான்ஸ்டியூசர், அதைப் பெருக்கும் அமைப்பு போன்றவை பி06பி பிரிவில் இருக்கும்.

துணிப் பக்கம் முழுவதும் டி04எச். குட்டை இழைத் துணிகள் டி04எச் 1/00 கீழும், தொடர் இழைத் துணிகள் டி04எச் 3/00 கீழும் வரும். நீர்த்தாரையால் பின்னிப் பிணைப்பது டி04எச் 1/492. அல்ட்ராசோனிக் வெப்பத்தால் ஒட்டுவது டி04எச் 1/555. உருகிய பாலிமரைச் சூடான காற்றால் ஊதி நுண்ணிழையாக்கும் மெல்ட்பிளோன் வகை டி04எச் 1/56 பக்கம். இழை உருவாகும் இடத்திலேயே ஒட்டும் ஸ்பன்பாண்ட் வகை டி04எச் 3/16.

இரண்டையும் இணைக்கும் எண்கள்தான் பலர் விட்டுவிடுபவை. அல்ட்ராசோனிக் பற்றவைப்புக்கு பி29சி 65/08. துணியை அதிர்வின் துணையோடு திரவத்தில் பக்குவப்படுத்த டி06பி 13/00. சாயம் ஏற்றுவதில் அல்ட்ராசோனிக்கைப் பயன்படுத்தும் கருவிகளைத் தேடுகிறவர்கள் இந்த டி06பி பிரிவைப் பார்க்காமல் விடவே கூடாது.

இன்னொன்று. கலவைக்கான பி01எஃப் பிரிவு 2022இல் மாற்றியமைக்கப்பட்டது. அல்ட்ராசோனிக் கலவை அதற்கு முன் பி01எஃப் 11/02 என்ற எண்ணில் இருந்தது. பழைய ஆவணத்தின் அச்சுப் பக்கத்தில் பழைய எண்ணே இருக்கும், தரவுத்தளத்தில் புது எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

4. சொற்களை அப்புறம் சேருங்கள்

எண்ணை வைத்து வந்த குவியலைச் சுருக்கத்தான் சொற்கள். அல்ட்ராசோனிக் என்பதோடு சோனிகேஷன், அகூஸ்டிக், கேவிட்டேஷன், மெகாசோனிக் ஆகியவற்றையும் போடுங்கள். ஹார்ன் என்பதை ஐரோப்பிய ஆவணங்கள் பெரும்பாலும் சோனோட்ரோட் என்று எழுதும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி ஆவணங்கள் அல்ட்ராசோனிக்கையே ‘சூப்பர்சோனிக்’ என்று குறிப்பிட்டதுண்டு. புதுமைத் தேடலில் இதை விட்டால் ஒரு காலகட்டமே கைநழுவும்.

நான்வோவன் என்பதை ஒரே சொல்லாகவும், நடுவில் கோடு போட்டும் தேடுங்கள். வெப், ஃபெல்ட், ஃப்ளீஸ், பேட் போன்றவையும் அதே பொருளில் வரும். நீர்த்தாரையால் பின்னிய துணியைக் குறிக்கும் ஸ்பன்லேஸும் ஹைட்ரோஎன்டாங்கிள்டும் ஒன்றே.

ஆனால் ‘அல்ட்ராசோனிக்’, ‘நான்வோவன்’ இரண்டையும் சேர்த்துப் போட்டால் வருவதில் பாதிக்கு மேல் வேறு விஷயமாக இருக்கும். டயப்பரின் ஓரம் அல்ட்ராசோனிக்கால் ஒட்டப்பட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்த ஆவணம் வந்து நிற்கும். ஆகவே சொல்லை முழு உரையில் தேடாமல் உரிமைக் கோரல் பகுதியில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதியில், மட்டும் தேடுங்கள். கூட்டம் சட்டென்று குறையும்.

5. குடும்பமாகச் சேருங்கள்

ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் தனித்தனி எண் இருக்கும். முதல் விண்ணப்பம் போட்ட 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போட்டால் முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் குடும்பம். எஸ்பாஸ்நெட்டில் குடும்பப் பக்கத்தைத் திறந்து, உங்கள் அட்டவணையில் ஒரு குடும்பத்துக்கு ஒரே வரி ஒதுக்குங்கள்.

எண்ணின் கடைசியில் வரும் எழுத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. பி1, பி2 என்றால் வழங்கப்பட்ட காப்புரிமை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு வெளியிடும் சர்வதேச விண்ணப்பம் எந்த நாட்டிலும் தானாக உரிமை ஆகாது. ஏ1 ஆவணத்தில் உள்ள அகன்ற உரிமைக் கோரலைப் பார்த்துத் திட்டத்தையே கைவிட்டவர்கள் உண்டு. காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனையில் அது பாதியாகச் சுருங்கியிருக்கும், அல்லது வழங்கப்படாமலே போயிருக்கும்.

6. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

படிப்பதற்கு முன்னால் இதைச் செய்வதற்குக் காரணம் நேரம்தான். மீறல் கேள்விக்காக ஐம்பது பக்க ஆவணத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, கட்டணம் கட்டாமல் அது எப்போதோ செத்துவிட்டது என்று கடைசியில் கண்டுபிடிப்பதில் என்ன லாபம்?

பொது விதி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. முன்னுரிமைத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அமெரிக்காவில் 1995 ஜூன் 8க்கு முந்தைய விண்ணப்பங்களுக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு அல்லது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, இதில் எது அதிகமோ அது. தொடர் விண்ணப்பமானால் மூல விண்ணப்பத்தின் தேதிதான் கணக்கு. அலுவலகத் தாமதத்துக்காகச் சில நாட்கள் கூட்டித் தரப்படுவதும் உண்டு, அது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

20 ஆண்டும் தானாக ஓடாது. பல நாடுகளில் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் வழங்கியதிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உரிமை போய்விடும். ஒரே குடும்பம் ஒரு நாட்டில் செத்து இன்னொன்றில் உயிரோடு இருக்கலாம்.

கூகுள் பேட்டன்ட்ஸ் காட்டும் ‘ஆக்டிவ்’, ‘எக்ஸ்பையர்டு’ குறிகள் ஓர் அனுமானமே. அந்தத் தளமே அப்படித்தான் சொல்கிறது. முடிவெடுக்க அந்தந்த நாட்டு அலுவலகப் பதிவேட்டைப் பாருங்கள். தவணை தவறியவற்றுக்குச் சலுகைக் காலமும், சில இடங்களில் மீட்டெடுக்கும் வழியும் உண்டு. அதனால் போன மாதம் செத்த காப்புரிமையைச் செத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. உரிமைக் கோரலைப் படியுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். ஆவணத்தின் கடைசியில் ‘கிளெய்ம்ஸ்’ என்று எண் போட்டு வரும் வாக்கியங்கள்தான் சட்டப்படி உரிமை. தலைப்பு, சுருக்கம், படம், விளக்கம் எதுவும் உரிமை ஆகாது. அவை உரிமையைப் புரிந்துகொள்ள உதவுபவை, அவ்வளவுதான்.

முதலில் தனித்து நிற்கும் கோரல்களைப் பிரியுங்கள். ‘கோரல் 1இல் சொன்னபடியான கருவி, அதில் மேலும்...’ என்று தொடங்கினால் அது சார்ந்த கோரல். அப்படி எதையும் குறிப்பிடாமல் தொடங்குவது தனிக் கோரல். தனிக் கோரலை நீங்கள் மீறவில்லை என்றால் அதைச் சார்ந்தவற்றையும் மீற முடியாது. தலைகீழாக எண்ணக் கூடாது. கோரல் 7இல் தடுப்புத் தகடு இருக்கிறது, நம் கருவியில் தகடு இல்லை, ஆகவே தப்பித்தோம் என்பது தவறு. தகடு இல்லாத கோரல் 1 அப்படியே நிற்கிறது.

அடுத்து, கோரலை உறுப்புகளாக உடையுங்கள். இதைக் கையால் செய்து பார்த்தால்தான் பழகும். கிம்பர்லி-கிளார்க்கின் திரவ அறைக் காப்புரிமைகளில் வரும் பாணியில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடைத்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

அ. நீளமான உறை, அதில் உள்வாயும் வெளிவாயும்.
ஆ. உறைக்குள் நீளவாக்கில் செல்லும் ஹார்ன், அதன் வெளிப்பரப்பு திரவத்தைத் தொடும்.
இ. உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் நடுவே, ஹார்ன் பரப்பிலிருந்து குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் தனித்தனிக் கலக்கும் உறுப்புகள், ஒன்றுக்கொன்று இடைவெளியோடு.
ஈ. ஹார்ன் அதிரும்போது அந்த உறுப்புகள் ஹார்னோடு ஒட்டி அசையாமல், அதைவிட வேறாக அசையும்படியான அமைப்பு.

இப்போது உங்கள் கருவியைப் பக்கத்தில் வையுங்கள். வெறும் வழவழப்பான ஹார்ன் என்றால் இ இல்லை, ஈ இல்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீங்கள் அந்தக் கோரலுக்கு வெளியே. ஹார்னில் வளையங்கள் வைத்திருந்தால் இ வந்துவிட்டது, எல்லாம் ஈ மேல் நிற்கும். வளையம் தடித்துக் குட்டையாக இருந்து ஹார்னோடு ஒரே உடம்பாக அசைகிறதா, அல்லது மெல்லியதாக இருந்து அதன் வெளியோரம் தன் போக்கில் மேலும் கீழும் துள்ளுகிறதா? படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அளக்க வேண்டும். முழுக் கருவியின் தலைவிதி ஒரு வளையத்தின் தடிமனில் இருக்கலாம் என்பதால்தான் உறுப்பு உறுப்பாக உடைக்கச் சொல்கிறேன்.

எல்லா உறுப்பும் இருந்தால்தான் மீறல். ஒன்று இல்லாவிட்டாலும் சொல்லளவில் மீறல் இல்லை. ஆனால் ஓர் உறுப்புக்குப் பதிலாக அதே வேலையை அதே வழியில் செய்யும் வேறொன்றை வைத்திருந்தால் பல நாட்டு நீதிமன்றங்கள் அதையும் மீறலாகவே பார்க்கும். பெயரை மாற்றித் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

இணைப்புச் சொல்லையும் பாருங்கள். ‘கம்ப்ரைசிங்’ என்றால் இவையும் இதற்கு மேலும் இருக்கலாம் என்று பொருள். நீங்கள் கூடுதலாகப் பம்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்தாலும் வெளியே வர முடியாது. ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்றால் இவை மட்டுமே.

கடைசியாக, கோரல் கருவி மீதா, செய்முறை மீதா, பொருள் மீதா என்று குறியுங்கள். நெய்யாத் துணியில் இது பெரிய வித்தியாசம். துணி மீதே கோரல் இருந்தால் நீங்கள் எந்த இயந்திரத்தில் செய்தாலும் சிக்கல். செய்முறை மீது இருந்தால் வேறு முறைக்கு மாறலாம். ஆனால் அந்தச் செய்முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளை வேறு நாட்டிலிருந்து வாங்கி வந்து விற்பதும் பெரும்பாலான நாடுகளில் உரிமைக்குள் அடங்கும்.

8. எண்ணையும் அலகையும் மாற்றிப் பாருங்கள்

நெய்யாத் துணிக் காப்புரிமைகளில் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று வரும். அதை 33.91ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குக் கிராம். 0.5 என்று பார்த்துவிட்டு மிக மெல்லியது என்று தாண்டிப் போகிறார்கள். அது ஏறக்குறைய 17 கிராம் துணி, சாதாரணமாகப் புழங்கும் எடைதான்.

இழைத் தடிமன் ஓரிடத்தில் மைக்ரானிலும் இன்னோரிடத்தில் டெனியரிலும் (9,000 மீட்டர் இழையின் கிராம் எடை) இருக்கும். டெனியர் காண, மைக்ரானில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, 0.00707ஆல் பெருக்குங்கள். 15 மைக்ரான் பாலிப்ரோப்பிலீன் இழைக்கு அடர்த்தியை 0.89 என்று எடுத்தால் சுமார் 1.42 டெனியர் வரும்.

அல்ட்ராசோனிக்கில் வேறு சிக்கல். வீச்சு உச்சியிலிருந்து உச்சிவரையா, நடுவிலிருந்து உச்சிவரையா என்று பார்க்காவிட்டால் இரண்டு மடங்கு பிழை வரும். ஹார்ன் நீளம் பலமுறை சென்டிமீட்டரில் இல்லாமல் அரை அலைநீளம் என்று கோரப்படும். டைட்டானியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும். 20 கிலோஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 40 கிலோஹெர்ட்ஸில் 6.25. ‘நம் ஹார்ன் அவர்களுடையதில் பாதிதான்’ என்பதெல்லாம் இங்கே செல்லாது. இரண்டும் அதே கோரலுக்குள் உட்காரும்.

நீர்த் தாங்கு அழுத்தம், காற்று ஊடுருவல் போன்றவற்றுக்கு ஆவணம் எந்தச் சோதனை முறையைச் சொல்கிறதோ அதே முறையில் உங்கள் துணியையும் சோதியுங்கள். வேறு முறையில் எடுத்த எண்ணை வைத்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

9. விளக்கத்தில் சொற்பொருளையும் சுட்டப்பட்ட பழைய எண்களையும் தேடுங்கள்

ஒரு சொல்லுக்கு ஆவணமே பொருள் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும், அகராதி அல்ல. நெய்யாத் துணி ஆவணங்களில் ஸ்பன்பாண்ட், மெல்ட்பிளோன் என்றால் என்ன என்று தனிப் பத்திகள் இருக்கும். அங்கே பழைய காப்புரிமை எண்களைக் காட்டி, அவற்றை இதன் பகுதியாகவே கொள்க என்று எழுதியிருப்பார்கள். புதியவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

திரும்பத் திரும்ப வரும் சில அமெரிக்க எண்கள்: மெல்ட்பிளோனுக்கு 3,849,241, ஆண்டு 1974. ஸ்பன்பாண்டுக்கு 3,692,618, 3,802,817, 4,340,563. ஸ்பன்பாண்ட், மெல்ட்பிளோன் அடுக்குகளைச் சேர்ப்பதற்கு 1977இன் 4,041,203. நீர்த்தாரைப் பின்னலுக்கு டூபான்ட்டின் 3,485,706, ஆண்டு 1969. இவை அனைத்தும் காலாவதியானவை. அவற்றில் சொன்னதை, சொன்னபடியே, யாரும் செய்யலாம். மேலே பின்னாளில் சேர்த்த மேம்பாடுகளுக்குத்தான் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் இந்த ஆறையும் முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இயந்திர அமைப்பு, வெப்பநிலை, காற்றோட்டம் எல்லாம் எடுத்துக்காட்டுகளோடு இருக்கின்றன.

10. மேற்கோள் வழியே முன்னும் பின்னும் போங்கள்

நெருக்கமான இரண்டு மூன்று ஆவணங்கள் கிடைத்ததும் அவை சுட்டியவற்றையும், அவற்றைச் சுட்டியவற்றையும் திறங்கள். முதலாவது பழையதைக் காட்டும், இரண்டாவது போட்டியாளர் இப்போது எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும். ஐரோப்பிய, சர்வதேசத் தேடல் அறிக்கைகளில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஓர் எழுத்து இருக்கும். எக்ஸ் என்றால் தனியாகவே புதுமையையோ கண்டுபிடிப்புத் தன்மையையோ (துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத தன்மை) கெடுப்பது, ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து கண்டுபிடிப்புத் தன்மையைக் கெடுப்பது, ஏ என்றால் பின்னணி மட்டும். எக்ஸ், ஒய் இரண்டையும் முதலில் படியுங்கள். பரிசோதகர் ஏற்கெனவே உங்களுக்காகச் சலித்துத் தந்திருக்கிறார்.

11. அட்டவணையை முடித்து, தேதி குறித்து வையுங்கள்

ஒவ்வொரு தனிக் கோரலுக்கும் மூன்று நெடுவரிசை போதும்: கோரலின் உறுப்பு, உங்கள் பொருளில் அது உண்டா, அதற்கு ஆதாரமான அளவீடு அல்லது வரைபட எண். ‘உண்டு’ என்று எல்லா வரியிலும் வந்தாலும், ‘ஏறக்குறைய உண்டு’ என்று ஒரு வரி வந்தாலும் உற்பத்திக்கான அச்சு (மோல்டு) செய்யவோ இயந்திரம் வாங்கவோ போகாமல் காப்புரிமை வழக்கறிஞரிடம் கொடுங்கள். பரிசோதனையின்போது விண்ணப்பதாரர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது கோப்பில் இருக்கும். அதைப் படித்துப் பொருள் சொல்வது அவர் வேலை. இந்த அட்டவணையோடு போனால் அவர் தேடலை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.

சரி, தேடல் முடிந்ததா? இல்லை. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும். இன்று நீங்கள் தேடும்போது கடந்த ஒன்றரை ஆண்டில் போடப்பட்டவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அதே எண்களையும் சொற்களையும் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தயாரிப்பு தொடங்கிய பிறகும் 18 மாதம்வரை, புதிதாக வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். குறிப்பேட்டில் தேடல் வரிகளை அப்படியே எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.